மலை ஊர்க் கடைவீதி: இடித்துக் கட்டுவதா, வண்டியை நிறுத்துவதா, சாக்கடையில் தொடங்குவதா?

ஊட்டியோ குன்னூரோ கோத்தகிரியோ, வணிகர் சங்கக் கூட்டம் என்றால் முதல் பத்து நிமிஷம் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள். கட்டடம் பழசு, நடக்க இடமில்லை, வண்டி நிறுத்த வழியில்லை, மழை வந்தால் தண்ணீர் கடைக்குள் வருகிறது, பாதி வியாபாரத்தை ஆன்லைன் கொண்டுபோய்விட்டது. ஏதாவது செய்தே ஆக வேண்டும். சரி, என்ன செய்யலாம் என்று கேட்டதும் கூட்டம் நாலாகப் பிரியும். மொத்தத்தையும் இடித்துப் புது வளாகம் கட்டலாம் என்பார் ஒருவர். வண்டியே வராத நடைவீதியாக்கலாம் என்பார் வெளியூர் போய்வந்த இன்னொருவர். பார்க்கிங் கட்டடம் ஒன்று கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது மூன்றாவது கட்சி. நாலாவது கட்சிக்காரருக்குக் கூட்டத்தில் அவ்வளவாகக் குரல் எடுபடாது. அவர் கேட்பது சாக்கடை, நடைபாதை, கழிப்பறை.

இந்த நாலில் எது என்று கேட்டு எழுதுகிறவர்களில் கடைக்காரர்கள் உண்டு, கவுன்சிலர்கள் உண்டு, அப்பாவின் கடையை இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை ஊர்க் கடைவீதித் திட்டத்தை மே மாதத்தை வைத்து எடைபோடக்கூடாது, ஜூலையை வைத்துத்தான் போட வேண்டும். மலர்க் கண்காட்சி நடக்கிற வாரத்தில் படிக்கட்டில் நாலு குல்லாவைப் பரப்பி வைத்தாலும் விற்றுவிடும். மழை சாற்றுகிற ஜூலை செவ்வாய்க்கிழமை மத்தியானம் யார் கடைக்குள் வருகிறார் என்பதில்தான் வீதியின் ஆயுள் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி அந்த ஜூலை வாடிக்கையாளர். ஹட்டிகள் என்கிற படுகர் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், எஸ்டேட் தொழிலாளர்கள், ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ வந்துவிட்டு அப்படியே மளிகை வாங்கிப் போகிறவர்கள். பச்சைத் தேயிலைக்கு அந்த மாதம் என்ன விலை கிடைத்தது, காரட் மேட்டுப்பாளையம் மண்டியில் எவ்வளவுக்குப் போனது என்பதைப் பார்த்துத்தான் இவர்கள் கை நீளும், சுருங்கும். இவர்களில் பெரும்பாலோர் காரில் வருவதில்லை. திட்டம் இவர்களுக்கு என்ன செய்கிறது?

இரண்டாவது தண்ணீர். மலையில் கடைவீதி பெரும்பாலும் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் மட்டமான இடம் அங்கேதான் கிடைத்தது. மேலே பெய்வதெல்லாம் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் ஊருக்குள் ஓடி ஏரியில் விழுகிறது. குன்னூரில் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், மார்க்கெட் எல்லாம் ஆற்றை ஒட்டி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீருக்குப் பதில் சொல்லாத திட்டம் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும் முதல் ஐப்பசியில் அதன் சாயம் வெளுத்துவிடும்.

மூன்றாவது, வேலை செய்யக் கிடைக்கிற காலம். சமவெளி ஒப்பந்தக்காரர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஏப்ரல், மே சீசனில் யாரும் வீதியைத் தோண்ட விடமாட்டார்கள். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் இரண்டாம் சீசன், அது முடிவதற்குள் வடகிழக்கு மழை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவு 40-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. மிஞ்சுவது டிசம்பர் முதல் மார்ச் வரை. அதிலும் உறைபனி இறங்கும் ராத்திரிகளில் புதுக் கான்கிரீட்டை மூடிக் காப்பாற்ற வேண்டும். ஆகவே 'ஒரு வருஷ வேலை' என்று டெண்டரில் இருந்தால், கணக்கில் மூன்று வருஷம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நாலாவது, காகிதம் யார் பெயரில் இருக்கிறது என்பது. ஐந்தாவது, சரக்கு எந்த வழியாக எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பது. ஆறாவது, திறப்பு விழா முடிந்து ஐந்து வருஷம் கழித்து அதைக் கூட்டிப் பெருக்குவது யார் என்பது. இந்த மூன்றையும் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் சங்கடம்.

## இடித்துவிட்டுப் புது வளாகம்

நகராட்சி மார்க்கெட் என்றால் இந்த யோசனைக்குப் பலமான நியாயம் உண்டு. தகரக் கூரையும் மரச் சட்டமும் நெருக்கமாகப் போன பழைய வரிசையில் ஒரு கடையில் தீப்பிடித்தால் அடுத்த பத்துக் கடை தப்பாது. தீயணைப்பு வண்டி நுழைய வழியும் இருக்காது. ஒயரிங் எல்லாம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வந்தது. கட்டடம் நிஜமாகவே அபாய நிலையில் இருக்கிறது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால் அப்புறம் பேச்சே இல்லை, இடிக்கத்தான் வேண்டும்.

ஆனால் இதன் மறைமுகச் செலவு மற்ற மூன்றையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம்.

முதலில் உள்வாடகை. நகராட்சிப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறு ஆளாக இருப்பார். குத்தகை எடுத்தவர் இறந்து அவர் பிள்ளை கோவையில் இருப்பார், கடையை இன்னொருவருக்கு விட்டிருப்பார், அந்த இன்னொருவர் வாசலில் பாதியைப் பூக்கடைக்கு விட்டிருப்பார். மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு தையல் மிஷினைப் போட்டு ஸ்வெட்டருக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிறவர் இருப்பார். தினம் சாயங்காலம் முன்கடைக்காரர் கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போவார், அதற்கு ரசீதும் கிடையாது ஒன்றும் கிடையாது. இடிக்கும் அன்று புதுக் கடை ஒதுக்கீட்டுக் கடிதம் பதிவேட்டில் இருக்கும் பெயருக்குத்தான் வரும். ஜூலை வாடிக்கையாளர் தேடி வருவதோ அந்தத் தையல்காரரை. புது வளாகம் திறந்ததும் "பழைய கூட்டம் இல்லையே" என்று எல்லாரும் ஆச்சரியப்படுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. எழுதாமலே இருபது வருஷம் ஓடிய உறவுகளை அது ஒரு நாளில் காகிதமாக்கிவிடாது.

அடுத்தது தற்காலிகக் கடை. ஊட்டி நகராட்சி மார்க்கெட்டின் பழைய கடைகளை இடித்துக் கட்ட எடுத்தபோது வியாபாரிகள் தற்காலிகக் கடைகளுக்கு மாற வேண்டியிருந்தது. குன்னூரிலும் மார்க்கெட்டைக் காலி செய்யச் சொன்னபோது எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பை 'வளர்ச்சிக்குத் தடை' என்று எழுதிவிடுவது சுலபம். மூன்று வருஷம் ஊர் ஓரத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்த காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். வாடிக்கை ஒரு முறை திசை மாறினால் அதைத் திரும்ப இழுக்க முடியாது. மளிகைக்கு இன்னொரு கடையில் கணக்கு வைத்துவிட்ட குடும்பம், அங்கே பாக்கி தீராமல் இங்கே எப்படி வரும்?

மூன்றாவது, மாடிக் கடை. புது வளாகத்தின் வரவு செலவைச் சரிக்கட்ட மாடியில் கடைகளைக் காட்டுவார்கள். மலை ஊரில் ஏற்கெனவே ஏறி ஏறி வந்தவர்கள் கடைக்காக இன்னொரு மாடி ஏறுவது அரிது. பாங்க், டியூஷன், டாக்டர் என்றால் ஏறுவார்கள். வெங்காயத்துக்கு ஏற மாட்டார்கள்.

நாலாவது, விதிகள். மலை நகரங்களில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு வந்து 30 வருஷத்துக்கு மேலாகிறது. 1993-ல் மலை நகரங்களுக்கென்றே கட்டட விதிகள் வந்தன. அதற்கு முன்பே 1990-ல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் உருவாகிவிட்டது. சமவெளிபோல மேலே அடுக்கிக்கொண்டே போக முடியாது, கீழே தோண்டினால் சரிவை வெட்ட வேண்டும், வெட்டினால் தடுப்புச்சுவர் வேண்டும். 'கீழே பார்க்கிங், நடுவில் மார்க்கெட், மேலே அலுவலகம்' என்ற படத்தைப் பார்த்ததும் மயங்கிவிடாமல், தடுப்புச்சுவருக்கு மதிப்பீட்டில் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தரம் கேளுங்கள்.

இடிப்பது சரியாகிற சூழல் என்றால் மூன்று சேர்ந்து வர வேண்டும். இடம் முழுக்க நகராட்சியுடையது, கட்டடம் அபாயம், பகுதி பகுதியாக இடிக்க வழி இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்துக்காகச் சண்டை போடுவது வீண் போகாது. ஒரு வரிசையை இடித்துக் கட்டி, அதில் அடுத்த வரிசைக்காரர்களைக் குடியேற்றிவிட்டு, பிறகு அவர்கள் வரிசையை இடிப்பது. நேரம் பிடிக்கும். ஆனால் மார்க்கெட் ஒரு நாள்கூட மூடாது.

## வண்டி வராத நடைவீதி

சிக்கிமின் கேங்டாக்கில் எம்.ஜி. மார்க் என்ற வீதியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இந்தக் கட்சிக்கு மாறிவிடுவார்கள். நியாயம்தான். வண்டி இல்லாமல், நடுவில் பெஞ்சு போட்டு, குப்பை இல்லாத மலைவீதியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஷிம்லாவின் மால் ரோடும் வண்டி போகாத வீதி. ஆனால் அங்கே கீழே கார்ட் ரோட்டிலிருந்து மாலுக்கு ஏற லிஃப்ட் இருக்கிறது, சரக்கு சுமைதூக்குகிறவர்களின் முதுகில் ஏறுகிறது. வீதியை மட்டும் காப்பியடித்துவிட்டு லிஃப்டையும் முதுகையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இங்கே ஒரு மூட்டை உருளைக்கிழங்கை இருநூறு மீட்டர் ஏற்றத்தில் தூக்கிவர இறக்குக்கூலி எவ்வளவு கேட்பார்கள்? அந்தக் கூலி கடைசியில் ஜூலை வாடிக்கையாளர் தலையில்தான் விழும்.

முழுசாக நிறுத்துவது ஒன்றுதான் வழி என்றில்லை. 2019 நவம்பரில் சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் திறந்த நடைபாதை வளாகத்தில் வண்டி போகத்தான் செய்கிறது. வண்டிக்கான இடத்தைக் குறைத்து நடக்கிறவர்களுக்கான இடத்தை அகலமாக்கினார்கள். நேரம் வைத்தும் செய்யலாம்: காலை பத்து மணி வரை லோடு வண்டி, சாயங்காலம் நாலு முதல் எட்டு வரை ஆட்கள் மட்டும். எனக்குப் பிடித்தது இந்த நேரக் கணக்குதான். இதற்குச் செலவு நாலு தடுப்புக் கட்டை, இரண்டு காவலர்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் எடுத்துவிடலாம். கான்கிரீட்டில் இந்த வசதி கிடையாது.

சோதனை ஓட்டம் வைத்தால் மே மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் எந்த நடைவீதியும் வெற்றிதான். அதே வீதியில் ஜூலையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். குடையோடு, கையில் பையோடு, கூட ஒரு வயசான அம்மாவோடு வருகிறவர் எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று நின்று பாருங்கள். முந்நூறு, நானூறு மீட்டருக்குள் இரண்டு முனையிலும் பஸ் நிறுத்தம் இருந்து, வீதி ஓரளவு மட்டமாகவும் இருந்தால் தாங்கும். ஊட்டியில் சேரிங் கிராஸிலிருந்து மார்க்கெட் பக்கம் போகும் கமர்ஷியல் ரோட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். குன்னூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஏறும் வழியில் இதைப் பேசுவதில் அர்த்தமில்லை, அந்த ஏற்றத்துக்கு வண்டி வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு வாடகையில் வரும். நடைவீதி வெற்றி பெற்றால் வாடகை ஏறும். ஏறினால் குடை ரிப்பேர், பாத்திரக் கடை, நாட்டு மருந்துக் கடை எல்லாம் போய், வரிசையாக ஹோம்மேட் சாக்லேட்டும் நீலகிரித் தைலமும் வந்து உட்காரும். சாக்லேட் கடைக்கு நான் விரோதி இல்லை. ஆனால் பத்தும் சாக்லேட் கடையாக இருக்கிற வீதிக்கு மழைக்காலத்தில் உள்ளூர்க்காரர் எதற்கு வர வேண்டும்?

தரைக்கடைகளும் உண்டு. நடைவீதி என்றதும் முதலில் அவர்களைத்தான் அப்புறப்படுத்தத் தோன்றும். சாலையோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் செய்ய விடாது. கணக்கெடுப்பு வேண்டும், நகர விற்பனைக் குழு வேண்டும், அதில் பத்துக்கு நாலு பேராவது வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், இடம் மாற்றுவதென்றால் முன்னறிவிப்பு வேண்டும். சட்டம் ஒரு பக்கம். காரட்டையும் முள்ளங்கியையும் தரையில் பரப்பி உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள்தான் ஜூலையிலும் அந்த வீதிக்கு ஆளை இழுக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம்.

## அடுக்கு வாகன நிறுத்தம்

இதற்கு அதிகம் பேச வேண்டாம், கணக்குப் போட்டால் போதும். ஒரு கார் நிற்க 12 சதுர மீட்டர் போல இடம் போதும் என்றாலும், ஏறி இறங்கும் சாய்தளம், திரும்பும் வழி எல்லாம் சேர்த்தால் கட்டடத்துக்குள் காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகும். 200 காருக்கு 5,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஒரு ஏக்கருக்கும் அதிகமான தளப்பரப்பு. மூன்று தளம் என்று வைத்தாலும் ஊர் நடுவே அரை ஏக்கர் மட்டமான நிலம் வேண்டும். அப்படி ஒரு நிலம் மலை ஊரில் சும்மா கிடந்தால் அதில் கட்ட இன்னும் பத்து நல்ல விஷயங்கள் உண்டு.

அதன் மறுபக்கம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 சுற்றுலா வாகனம், வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகள் கடையடைத்து எதிர்ப்பைக் காட்டினார்கள், அது தனிக் கதை. இங்கே பார்க்க வேண்டியது, வரம்பு வைத்த பிறகே 6,000 என்பது. 200 கார் நிற்கும் கட்டடம் ஒரு நாளில் மூன்று தரம் நிரம்பி வடிந்தாலும் 600. மிச்சம் வழக்கம்போல ரோட்டில்தான். ஜூலையில் அதே கட்டடம் பாதிகூட நிரம்பாமல் லிஃப்டுக்கும் விளக்குக்கும் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. சாதாரண வாரநாள் ஒன்றில் காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் நாலு என்று வீதியில் நிற்கும் வண்டிகளின் நம்பரைக் குறித்து வாருங்கள். மூன்று வேளையும் அதே இடத்தில் நிற்கிற வண்டிகள் யாருடையவை என்று விசாரித்தால் சங்கத்தில் கொஞ்சம் மௌனம் நிலவும். வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று புகார் சொல்கிற கடைக்காரர்களின் சொந்த வண்டிகள் அதில் கணிசமாக இருக்கும். அமெரிக்காவில் ஓல்டு பசடீனா என்ற பழைய கடைவீதியில் இதே சிக்கல்தான். 1993-ல் அங்கே தெருவோரம் மீட்டர் வைத்தார்கள். வசூலாகும் பணம் அந்த வீதிக்கே செலவாகும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கடைக்காரர்கள் சம்மதித்தார்கள். நடைபாதையும் விளக்கும் அந்தப் பணத்தில் வந்தன. நம் ஊரில் பார்க்கிங் குத்தகைப் பணம் நகராட்சிப் பொதுக் கணக்கில் கலந்து காணாமல் போகிறது. பார்க்கிங்கைப் பற்றிச் சங்கம் கேட்க வேண்டிய முதல் விஷயம் கட்டடம் இல்லை, அந்த வசூல்.

ஊர் எல்லையில் ஏற்கெனவே மட்டமாக, பொது நிலமாக ஒரு இடம் இருந்து, அங்கிருந்து சின்ன பஸ் ஓடும் என்றால் இந்த யோசனை நல்லது. அதற்குக் கட்டடம்கூட வேண்டாம்.

## சாக்கடையிலிருந்து தொடங்குவது

கடைக்கு முன்னால் சாக்கடையின் மேல் ஒரு கடப்பைக் கல் கிடக்கும். எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றுதான் கல்லாகப் போட்டார்கள். நாளாவட்டத்தில் அது ஆடுகிறது என்று ஓரத்தில் சிமெண்டு பூசினோம். அப்புறம் அதன் மேல் ஒரு படி கட்டினோம். படிக்கு டைல்ஸ் ஒட்டினோம். ஷட்டரைத் தாண்டி இரண்டடி வெளியே ஒரு ஸ்டாண்டு வைத்தோம். இப்போது தூய்மைப் பணியாளர் வந்தால் பத்துக் கடைக்கு ஒரு இடத்தில்தான் திறக்க முடிகிறது. அங்கிருந்து நீளமான மூங்கிலை விட்டுக் குத்துகிறார். முட்டைக்கோஸ் இலையும் கூழான அட்டைப் பெட்டியும் கொஞ்சம் நகர்ந்து அடுத்த கடைக்குக் கீழே போய் அடைக்கிறது. மழையன்று தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது.

ரோடும் சும்மா இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு தரமும் புதுசு போட்டதில் வீதி உயர்ந்து கடை பள்ளமாகிவிட்டது. முன்னே இரண்டு படி ஏறிப் போன கடைக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். இந்த நிலையில் மேலே பேவர் பிளாக் பதித்து அலங்கார விளக்கு போட்டால், அதே தண்ணீர் கொஞ்சம் அழகான ரோட்டில் ஓடி உள்ளே வரும், அவ்வளவுதான்.

ஆகவே இந்த வழியில் வரிசை முக்கியம். முதலில் மேலிருந்து வரும் தண்ணீர் எங்கே நுழைகிறது, எந்தச் சிறுபாலத்தில் முட்டுகிறது, கால்வாயில் எங்கே சேர்கிறது என்று நல்ல மழை நாளில் நடந்து பார்க்க வேண்டும். பிறகு திறந்து மூடக்கூடிய மூடியோடு சாக்கடை. பிறகு தாரைச் சுரண்டி ரோட்டு மட்டத்தை இறக்குவது. அதே குழியில் குடிநீர்க் குழாயையும் மின்கம்பியையும் சேர்த்துக் கொண்டுபோவது, இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் வேறு துறை வந்து தோண்டும். அதன் பிறகுதான் நடைபாதை. இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல்படி தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். அந்த அகலத்தில் ஸ்டாண்டு, தண்ணீர்க் கேன், விளம்பரப் பலகை எதுவும் வரக்கூடாது. மேலே போடும் கல் வழவழப்பாக இருக்கக்கூடாது. மழையில் பாசி பிடித்தால் வழுக்கி விழுவது முதலில் வயசானவர்கள்தான். கொத்தின கருங்கல் இந்த ஊருக்குப் பொருத்தம்.

இதோடு நான் வற்புறுத்துவது இரண்டு. ஒன்று, கடைக்குக் கடை உயரம் மாறித் தலையில் இடிக்கிற தகரப் பந்தல்களை எடுத்துவிட்டு வரிசை முழுக்க ஒரே உயரத்தில் மழைத்தாங்கி. ஜூலையில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு நாற்பது கடையைத் தாண்டி நடக்க முடிந்தால், நடக்கிறவர் நாலு கடையிலாவது நிற்பார். இன்னொன்று கழிப்பறை. காலையில் ஹட்டியிலிருந்து கிளம்பி வந்த பெண் மத்தியானத்துக்குள் அவசரமாகத் திரும்பி பஸ் ஏறுவதற்குக் காரணம் விலைவாசி இல்லை. சுத்தமான, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிற, தண்ணீர் வருகிற கழிப்பறை இரண்டு இருந்தால் அவர் இன்னும் இரண்டு மணி நேரம் வீதியில் இருப்பார். வியாபாரத்தைக் கூட்டுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

இதன் மறைமுகச் செலவும் சின்னதில்லை. சாக்கடையைத் திறக்க வேண்டுமானால் அதன் மேல் நாம் கட்டிய படி போக வேண்டும். எதிர்க்கடைக்காரர் ஆக்கிரமிப்பைப் பற்றி மேடையில் பேசுகிறவர் தன் படியில் சுத்தியல் விழும்போது கவுன்சிலருக்குப் போன் போடுவார். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, சாக்கடை நகராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது என்று மூன்று ஆபீஸ் ஏற வேண்டும். திறப்பு விழாவுக்கு ஏற்ற திட்டமும் இல்லை, சாக்கடைக்கு ரிப்பன் வெட்ட யார் வருவார்கள்?

பராமரிப்புக்கு ஆள் வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற வீதியில் 1970-ல் கடைக்காரர்கள் தங்கள் மீது தாங்களே ஒரு வரி போட்டுக்கொண்டு, அந்தப் பணத்தில் வீதியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அப்படிச் செய்ய நம்மிடம் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் சங்கம் மாதச் சந்தா வாங்குவதை யாரும் தடுக்கவில்லை. அதில் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். எந்த மூடி உடைந்தது, எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் கடை காலியாகக் கிடக்கிறது என்று குறிப்பதும், நகராட்சியில் போய் நிற்பதும்தான் அவர் வேலை. சங்கத்துக்கு ஆண்டு விழா மேடை போடுகிற செலவுக்கு இது பெரிதாக இருக்காது.

## ஒரு பார்வையில்

| | புது வளாகம் | நடைவீதி | பார்க்கிங் கட்டடம் | சாக்கடை முதல் |
|---|---|---|---|---|
| ஜூலை வாடிக்கையாளருக்கு | பல வருஷம் கழித்து, அவர் திரும்பி வந்தால் | நேரம் வைத்துச் செய்தால் பரவாயில்லை | ஒன்றுமில்லை | உடனே தெரியும் |
| தண்ணீர் | வளாகத்துக்குள் மட்டும் தீரும் | தொடாது | சரிவை வெட்டினால் மோசமாகும் | இதற்காகவே |
| வேலை நடக்கும்போது கடை | மூட வேண்டும் | மூட வேண்டாம் | மூட வேண்டாம் | மூட வேண்டாம், சில வாரம் வாசலில் குழிமேல் பலகை போட்டு நடக்க வேண்டும் |
| அதிகம் இழப்பவர் | உள்வாடகைக்காரர் | லோடு இறக்குகிறவர், வயசானவர் | நகராட்சிக் கஜானா | படி கட்டி வைத்தவர் |
| மனம் மாறினால் | முடியாது | மறுநாளே | முடியாது | பாதியில் நின்றாலும் பயன் உண்டு |

## பணம் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால்

எழுதுகிறவர்களில் பலருடைய நிலைமை இதுதான். தேர்வு செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. வளாகத்துக்கென்று திட்டத்தில் நிதி ஒதுக்கியாகிவிட்டது, திருப்பி அனுப்பினால் வேறு ஊருக்குப் போய்விடும். அப்படியானால் 'வேண்டாம்' என்று கடையடைப்பதை விட, சில விஷயங்களை எழுத்தில் வாங்குவது புத்திசாலித்தனம். இடிக்கும் முன் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற எல்லாரையும், உள்வாடகைக்காரர், மாடிப்படித் தையல்காரர் உட்பட, போட்டோவோடு கணக்கெடுத்து அந்தப் பட்டியலை நகர்மன்றத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வரிசை வரிசையாக இடிக்க அட்டவணை கேளுங்கள், அதில் ஏப்ரல், மே வேலையில்லா மாதம் என்று இருக்கட்டும். புது வாடகை எந்த முறையில் நிர்ணயிக்கப்படும் என்பது சாவியை ஒப்படைக்கும் முன்பே தெரிய வேண்டும். மாடிக் கடைகளை ஏலம் விடுவதற்குப் பதில் பாங்க், நகராட்சிச் சேவை மையம் போன்றவற்றுக்குக் கொடுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

அப்புறம், வளாகத்தின் மழைநீர் எந்தக் கால்வாயில் போய் விழுகிறது என்பதை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கால்வாய் அதைத் தாங்குமா என்பதற்குப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் காலி செய்யும் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.